உயிர் விராலும் தொட்டித் தண்ணீரும்

மாசாணியம்மாள் எனக்குச் சின்னம்மா முறை. என் அம்மாவுக்குச் சித்தப்பா மகள். கொடுமுடி ஆற்றங்கரையில் பிறந்து, மேற்கே ஒரு சந்தை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். குத்தகைக்காரன் பாலுசாமியின் பேரன்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவன் செய்ததைச் சொல்லாமல் விடவும் மாட்டேன்.

சின்னம்மா விரால் விற்றாள். வாயகன்ற பானையில் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவரும் காவிரித் தண்ணீர், அதில் உயிரோடு நெளியும் மீன். கேட்டவர்களுக்குப் பிடித்துச் சாம்பலில் புரட்டி, தன் அரிவாள்மணையில் அரிந்து, குடத்து நீர் ஊற்றி அலசிக் கொடுப்பாள். புருஷன் போன பின் அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பானைதான்.

முப்பத்தாறாம் வருஷம் பாலுசாமி சந்தையைக் குத்தகைக்கு எடுத்தான். யார் விற்ற மீனானாலும் தன் ஆள்தான் தன் பலகையில் வெட்ட வேண்டும், தன் தொட்டியில்தான் கழுவ வேண்டும் என்றான். வெட்டுக்கூலி ஆசை! மலையாளக் கரையிலிருந்து ரயிலில், ஐஸ் உருகி, நாறிப்போய் வந்த கடல்மீனையும் அதே பலகையில் வெட்டினார்கள். குடலை அதே தொட்டியில் அலசினார்கள். விடியலில் நிரப்பிய தண்ணீரைச் சந்தை கலையும்வரை மாற்ற மாட்டார்கள்.

மூன்றாவது வாரச் சந்தையில் சின்னம்மாவிடம் விரால் வாங்கி, அந்தப் பலகையில் வெட்டிக்கொண்டு போன ராசாத்தாள் வீட்டில் ஐந்து பேருக்கு வாந்திபேதி. ராசாத்தாளின் மாமனார் பிழைக்கவில்லை. பழி யார் மேல்? பானைக்காரி மேல்.

அடுத்த சந்தைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார்.

"தரையில உக்காந்து விக்கறாளுங்க. பானையப் பாருங்க, பாசி! நம்முளுது சிமிட்டித் தொட்டிங்க" என்றான் பாலுசாமி.

தொட்டிக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பினாயில் புட்டியைத் திறந்துகொண்டு பானையிடம் வந்தார். "ஏம்மா, இனி இங்கே நீ மீன் விற்கக் கூடாது."

சின்னம்மா குறுக்கே நின்றாள். "ஏனுங்க சாமி, துள்ளற மீனு எப்படிங்க கெட்டுப்போகும்? அன்னைக்குப் பக்ருன்னிசாம்மாளும் இதே பானையிலதான் வாங்குனாங்க. வெட்டாம முழுசாக் கொண்டுபோனாங்க. அவிய ஊட்டுல ஆருக்காச்சும் நோவு வந்துச்சா, கேளுங்க!"

பக்ருன்னிசா கூட்டத்தில்தான் இருந்தாள். "ஒண்ணும் வல்லீங்க. என்ற மாமியா முள்ளக்கூட மிச்சம் வெக்கல."

சந்தை சிரித்தது. சின்னம்மா சிரிக்கவில்லை. பானையில் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"என்ற மீனு நீந்தற தண்ணி, குடிச்சுப்போட்டேன். குத்தகைக்காரரே, உங்க தொட்டியில ஒரு கை குடிங்க. குடிச்சுப்போட்டீங்கன்னா பானைய இங்கயே ஒடச்சுப்போட்டுப் போயர்றேன்."

தொட்டி கறுத்துச் சிவந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. பாலுசாமி துண்டால் வாயைத் துடைத்தான். "எனக்குக் காலையில இருந்தே வயிறு செரியில்ல."

"ஏனுங்க, உங்க பலகை மீனத் தின்னுபோட்டீங்களாக்கும்?" என்றாள் பக்ருன்னிசா.

இன்ஸ்பெக்டர் பினாயிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஓர் உயிர் போனதற்கு ஒரு கேள்வி இல்லை. அடுத்த வாரம் அதே தொட்டி, அதே பலகை.

சின்னம்மா அரிவாள்மணையை மறுபடி விரித்தாள். பாலுசாமியின் ஆட்கள் கிட்டே வரவில்லை. கடல்மீன் வாங்கிய ஒருவர், "அம்மணி, இதையும் உன்ற தண்ணியில அலசிக் குடு" என்று நீட்டினார்.

"அத எங்கிட்ட நீட்டாதீங்க. வாங்குன எடத்துலயே குடுத்துப்போட்டு வாங்க, உசுரு மீனாத் தாரேன்" என்றாள்.