விதிப்படி வேலை

என் இளைய மகள் பத்தாம் வகுப்பு படித்த வருடம் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அவள் படித்தது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

அவளுடைய கணக்கு டீச்சர் மீஞ்சூரிலிருந்து வருகிறவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மணி அடித்த பிறகும் உட்கார வைத்து, இருட்டுகிற வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். என் மகள் அரையாண்டில் கணக்கில் பெயில். அந்த மாலை வகுப்பில்தான் அவளுக்குக் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருந்தது. இந்தப் பரீட்சையில் தவறினால் அக்காவைப் போல இறால் உரிக்கிற கம்பெனிக்குத்தான் என்று என் மனைவி முடிவாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் வெயில் இறங்கும் முன்பே மகள் வந்து நின்றாள்.

"இனிமே சாயங்கால கிளாஸ் கெடையாது நைனா. டீச்சருங்கல்லாம் போராட்டமாம்."

மறுநாள் மீனை ஏலத்தில் போட்டுவிட்டுத் திரும்பும்போது பள்ளிக்கூட கேட்டில் ஓர் அட்டை கட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'விதிப்படி வேலை' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த விதி ஒன்றுதான், தலையில் எழுதியிருப்பது. பிள்ளைகளை அவரவர் விதிப்படி விட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

டீக்கடையில் அந்த அட்டையைப் பற்றி யாரோ கேட்க, அதையே சொன்னேன். அதிகம் பேசாதவன் சொன்னதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

"விதியாமே? பரிச்ச நேரத்துல இன்னா பேச்சு இது?" என்றாள் என் பெரியம்மா மகள். அவள் பையனும் அதே வகுப்பு. "நாளைக்கு கேட்டாண்டயே மறிச்சிக் கேட்டுடணும்."

"படிச்சிட்டு வந்து சொன்னவனையே முன்னால நிறுத்துங்க. இவன் வாயத் தெறந்தா டீச்சரே பயந்துக்கினு கிளாஸ் எடுக்கும்" என்றான் என் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்ன மாதிரியே மறுநாள் என்னை முன்னால் தள்ளினான். மணி அடித்ததும் டீச்சர் சாப்பாட்டுப் பையும் குடையுமாக வெளியே வந்தார். நான் அட்டையைக் கையால் காட்டினேன், அவ்வளவுதான். பெரியம்மா மகள்தான் பேசினாள்.

"எங்க புள்ளைங்க விதி எங்களுக்குத் தெரியும் டீச்சர். நீங்க அத எழுதி வேற மாட்டணுமா?"

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அந்த விதி இல்லக்கா. வேலைக்கு எடுக்கும்போது எங்களுக்கு எழுதிக் கொடுத்த விதி. மணி அடிக்கிற வரைக்கும்தான் எங்க வேலை. எங்க கோரிக்கைய காது கொடுத்துக் கேக்குற வரைக்கும் அதுக்கு மேல செய்யறதில்லன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிருக்கோம். மணிக்குள்ள எதையும் குறைக்கல."

"அப்ப இத்தினி நாளா இருட்டுற வரைக்கும் இருந்தீங்களே, அது?"

"அது விதியில இல்லக்கா" என்றார்.

விலகி வழி விட்டோம்.

திரும்பி வரும்போது மச்சான்தான் சொன்னான்: "அவங்க பாடு முடிஞ்ச பொறவும் நமக்காக தண்ணியிலயே நின்னுக்கினு இருந்துருக்காங்க. நாமதான் அதையும் சேத்து நம்ம பாடுன்னு நெனச்சிக்கினோம்."

பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. வலை கட்டும் இடத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாள் முறை வரும். அடுத்தவர் பாடு அன்று எவ்வளவு இறால் ஓடினாலும் நாம் அங்கே கம்பு ஊன்றக் கூடாது.

சில நாள் கழித்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது டீச்சர் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றிருந்தார். பஸ் வர நேரம் இருந்தது.

"ஒரே ஒரு கணக்குதான் நைனா, கேட்டுட்டு வந்துடறேன்" என்று மகள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

டீச்சரும் பார்த்துவிட்டார். கேட்டால் மறுக்க மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் ஆசைதான். அந்த ஒரு கணக்கே பரீட்சையில் வந்துவிட்டால் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அடுத்தவர் பாடு நாளில் நான் கரையில் நின்று பழகியவன்.

"வேணாம்மா. டீச்சர் பாடு முடிஞ்சிடுச்சி."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். படித்தவர் ஒருவர் எதிரில் நான் தலை குனியாமல் நின்றது அன்றுதான்.

மகள் புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில்தான் திரும்பினாள். "பெயிலானா அம்மாக்கு நீயே பதில் சொல்லிக்க."

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்ததாம். அட்டையை அவிழ்த்துவிட்டார்கள். அன்று மகள் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். மனைவி சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தாள். கணக்கில் பாஸ் மார்க்கை ஒட்டித் தேறினாள். கம்பெனிப் பேச்சை வீட்டில் அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இப்போதும் சாயங்காலம் வலையோடு ஏரிக்குப் போகும்போது, மணி அடித்து வெகு நேரம் ஆன அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் மட்டும் விளக்கு எரிவதைப் பார்ப்பேன். முன்பெல்லாம் அது எங்களுக்கு வர வேண்டியதுதானே என்று நினைத்துக் கடந்து போவேன். இப்போது, யாரோ தன் பாடு முடிந்தும் கரை ஏறாமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரிகிறது.