நம்ம கம்பெனி இல்ல

போன வாரம் தூத்துக்குடிக்குச் செஸ் போட்டி ஆடப் போனேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை. ஆடியதால் வந்த களைப்பு இல்லை அது...

நான் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலேயே பலமுறை புலம்பியிருக்கிறேன். கூட வந்தவர் செல்வராஜ். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவர். லீவு நாளில் என் வீட்டுக்கு வந்து, என்னைத் தோற்கடித்து, டீயும் குடித்துவிட்டுப் போகிற நண்பர். அவர் மனைவி பாண்டியம்மாளுக்குத் தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை.

கடலைப் பார்த்த மண்டபம். உள்ளே போகும்போதே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு எதிரே இரட்டைச் சடை போட்ட பள்ளி மாணவி. வணக்கம் சொன்னாள், ஆடினாள், முடித்துவிட்டாள். சீக்கிரம் தோற்பதில் ஒரு சௌகரியம் - காற்று வாங்கலாம்.

வெளியே வந்து போனை ஆன் செய்தேன். வாட்ஸ்அப் முழுக்க ஒரே படம். தாயில்பட்டி பக்கம் வானத்தில் கரும்புகை.

வெடித்தது எந்த கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. பாண்டியம்மாளுக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பட்டாசு கம்பெனிகளிலும் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களே.

ஜன்னல் வழியே பார்த்தேன். செல்வராஜ் ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக யோசித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திடம் போய் என்ன சொல்வது? சொல்லாமல் இருப்பதுதான் எப்படி?

நடுவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே போய்ச் செல்வராஜின் தோளைத் தொட்டு அழைத்து வந்தார்.

செல்வராஜ் படத்தைப் பார்த்தார். மனைவிக்கு அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். “காலையில காய்ச்சலா இருக்குன்னா அண்ணாச்சி. நான்தான் மாத்திரையைப் போட்டுட்டு வேலைக்குப் போன்னு சொன்னேன்.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பாண்டியம்மாளின் குரல் எனக்கே கேட்டது. “நான்தான்... பயப்படாதீக. நம்ம கம்பெனி இல்ல. பக்கத்துக் கம்பெனி. நாங்க எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம்.”

“நம்ம கம்பெனி இல்லயாம் அண்ணாச்சி” என்று செல்வராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன். சட்டென்று அவர் முகம் மாறியது. “அங்கன எம்புட்டுப் பேருடீ?”

“தெரியல. ஆம்புலன்ஸ் போய்க்கிட்டே இருக்கு.”

எங்கள் ஊர்ப் பக்கம் இதைவிட நல்ல செய்தி கிடையாது - நம்ம கம்பெனி இல்ல. அதே நிமிடம் இன்னொரு வீட்டில் இன்னொரு போன் அடித்துக்கொண்டே இருக்கும். அது தெரிந்தும் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. என்ன ஆறுதலோ இது...

உள்ளே போனோம். செல்வராஜின் க்ளாக்கில் நேரம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. எதிரே இருந்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவருக்கே வெற்றி.

“வீட்டுல சொகமா இருக்காங்களா?” என்றார் பெரியவர்.

“இருக்காங்கய்யா.”

“அப்ப டிரா வச்சுக்குவோம்.”

கை குலுக்கினார்கள். மீதி ஆட்டங்களை விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டியம்மாள் நின்றிருந்தார். வேலைக்குப் போன அதே சேலை.

“சாப்பிட்டீகளா?” என்றார்.

செல்வராஜ் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்த மனிதர் தெருவில் மனைவியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சில நாள் எல்லா கம்பெனியும் மூடிக் கிடந்தது. நேற்று திறந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வேன்தான்; வெடித்த கம்பெனி ஆட்களும் பாண்டியம்மாளின் கம்பெனி ஆட்களும் அதில்தான் வேலைக்குப் போவார்கள். எப்போதும் நின்றுகொண்டுதான் போகவேண்டும்.

சாயங்காலம் செல்வராஜ் போன் செய்தார்.

“இன்னைக்கு வேன்ல அவளுக்கு உக்கார இடம் கெடச்சுச்சாம் அண்ணாச்சி.”