இரண்டாவது முழுக்கு

காலை ஐந்தே முக்காலுக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்து எங்கள் சபையின் வேன் கிளம்பியது. தலைக்கு முந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. கல்வராயன் மலையில் ஓர் ஓடையில் என் மகள் ஷாலினிக்கு ஞானஸ்நானம். பத்தொன்பது வயது. ஒரு வருடம் யோசித்து, அவளாகக் கேட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்கு விடுப்பு இல்லை. வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்.

கச்சிராயபாளையத்தில் டீ, பன்னிரண்டு ரூபாய். அதன்பின் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். "நீ புடிச்சிக்கினா வேன் கவுராதாம்மா?" என்று ஷாலினி சிரித்தாள்.

எட்டரைக்கு வெள்ளிமலை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மண் சாலை. ஷீட் போட்ட சின்ன ஆலயம், கீழே ஓடை. அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்த பூங்காவனம் எங்களுக்காக உலை வைத்திருந்தார். மரவள்ளி பயிரிடுகிற பெண்மணி.

ஒன்பது மணி. இடுப்பளவுத் தண்ணீர். எங்கள் பாஸ்டர் ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லி, அவளை முழுக்கி, தூக்கினார். ஷாலினி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன். அப்போது கரையில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த டவுன் ஸ்டுடியோ போட்டோகிராபர் கத்தினார்:

"பாஸ்டர், வெயிலு அடிச்சு மூஞ்சியே தெரியல. இன்னொரு தபா முழுக்குங்க, ஒரு நிமிஷம்தான்!"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், பண்ணிடலாமா?"

நான் தலையாட்டினேன்.

இரண்டாம் முறை அவள் ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தாள். தண்ணீர் உள்ளே போனது. திமிறினாள். பாஸ்டரின் பிடி நழுவ, பாசிப் பாறையில் கால் வழுக்கி, ஓடை அவளை இழுத்துக்கொண்டது. கட்டிய சேலையோடு பூங்காவனம் இறங்கி, பின்னலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். கால் மணி நேரம் இருமினாள்.

பூங்காவனம் போட்டோகிராபர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, சாமி இன்னா, படத்தப் பாத்தாத்தான் நம்புவாரா?"

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூங்காவனத்தின் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பாஸ்டர் காதுபட ஷாலினி என்னிடம் கேட்டாள்: "எதும்மா ஞானஸ்நானம்? மொத தபாவா, ரெண்டாவதா? ரெண்டாவதுல நான் ஜெபிக்கவே இல்ல. பயந்துட்டேன்."

ஒரு வருடம் காத்திருந்தவளுக்கு அன்றைக்குக் கிடைத்தது இந்தச் சந்தேகம்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. கல்யாணத்தில் போட்டோவுக்காக மாலையைக் கழற்றி மறுபடி போடச் சொல்கிறோம், போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தேவ சந்நிதிக்கும் கொண்டுவந்துவிட்டோமே!

பத்தரை மணிக்கு ஆராதனை. ஞானஸ்நானம் பெற்றவரே வேதம் வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். ஷாலினி வாசித்தது யோர்தான் நதிப் பகுதி. இயேசு தண்ணீருக்கு வருகிறார். ஞானஸ்நானம் கொடுக்கும் யோவான் தடுக்கிறான். உம்மிடம் நான் பெறவேண்டியதை நீர் என்னிடம் கேட்பதா என்று பின்வாங்குகிறான். சிறு வயதிலிருந்து கேட்டதுதான். என் மனம் எப்போதும் அதன்பின் இறங்கிவரும் புறாவுக்கும் வானத்துச் சத்தத்துக்கும் ஓடிவிடும். அன்று யோவானின் கையிலேயே நின்றது. அந்தக் கை தயங்கியது. எங்களில் ஒருவரும் தயங்கவில்லை.

வாசித்துக்கொண்டிருந்த ஷாலினியும் அந்த இடத்தில் நிறுத்தினாள். அந்த வரியை இன்னொரு முறை, மெதுவாக வாசித்தாள்.

பாஸ்டர் எழுந்தார். பிரசங்கம் செய்யவில்லை. "அந்த மனுஷன் தயங்குனாரு. நான் தயங்கல. மொதல்ல நடந்ததுதாம்மா ஞானஸ்நானம். ரெண்டாவது என் தப்பு." சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார். ஒவ்வொருவராக நாங்களும். பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை. இத்தனை வருடம் ஆராதனைக்குப் போகிறேன், கடவுள் முன்னால் இருக்கிறேன் என்ற பயம் அன்றுதான் வந்தது.

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. எங்கள் டவுன் ஆலயத்தில் இரண்டு கேமரா, ஒரு திரை. அப்பம் பிட்கும்போது கைகள் ஜெபத்துக்கு உயர்வதில்லை, செல்போனோடு உயர்கின்றன. அந்தப் பகுதியை அங்கே வாசியுங்கள். புறாவுக்கு ஓடாதீர்கள். யோவான் தயங்கும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் எனக்கு வாசியுங்கள்.

மாலை நாலுக்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கினோம். "ரெண்டாவது சூப்பரா வந்திருக்கும்மா. நீ வழுக்கறதுக்கு முன்னாடி கட் பண்ணிக் குடுத்துடறேன்" என்றார் போட்டோகிராபர்.

"அத அழிச்சிடுங்கண்ணா" என்றாள் ஷாலினி.

"அப்புறம் உங்கிட்ட இன்னா இருக்கும்? மொத தபாவுல வெறும் வெயிலுதான்."

"இருக்க வேணாம். எனக்கு நடந்துச்சு."

அவர் அழிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.