இறங்கி வந்த பிறகு எலுமிச்சம்பழம்

என் மச்சானை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அவனுடைய சட்டைப் பை. காக்கிச் சட்டை, இரண்டு பக்கமும் மூடி வைத்த பை, ஒவ்வொன்றிலும் இரண்டு எலுமிச்சம்பழம். புது வண்டி எது வந்தாலும் அன்று அந்தப் பைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் எல்லாரும் கடை வாசலிலேயே நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து, ஏற்றி நசுக்கி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டுதான் வண்டியை வெளியே எடுப்பார்கள். மச்சான் வைக்க விடமாட்டான். சுமையோடு ஒரு மேட்டை ஏறி, அதே சுமையோடு வண்டி இறங்கி வர வேண்டும். அதுவரை பழம் பையில்தான். ஒரு லாரி வந்த அன்றே மெக்கானிக்கிடம் போய் மூன்று நாள் கிடந்தது. மூன்று நாளும் பழத்தைச் சுமந்துகொண்டு திரிந்தான். "என்னா மச்சான், பழம் வாடிப்பூடும்போல கீதே" என்று கிண்டல் செய்தேன். "வாடினா ஊறுகா போட்டுக்கலாம் மாமா" என்றான். மீதியை அவனுடைய மடங்கின வலது கால் பேசியது.

அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கத்திலிருந்து மராட்டிச் சீமையில் தேஹு ரோடுக்குப் பிழைக்க வந்தவை. அப்பன்மார் இருவரும் ராணுவ டெப்போவில் பெட்டி தூக்கினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தினவன். இன்றைக்கு நிக்டியிலிருந்து தளேகாவ் வரைக்கும் யார் வீடு கட்டினாலும் மண்ணும் கல்லும் என் லாரியில்தான் வந்து இறங்கும். பெருமையாகச் சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். எஞ்சின் சத்தத்தை வைத்தே அது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். படித்த என்ஜினியர்கள் என்னைக் கூட்டிப்போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வண்டி விஷயத்தில் நான் தப்புப் பண்ணினேன். அதை இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தொழிலில் காலூன்றிய புதிது. கல் குவாரியில் ஓட்டுவதற்கு ஒரு பழைய ஜீப்பும், பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிராலியும் வாங்கினேன். எஞ்சின் புலி மாதிரி உறுமியது. அந்த உறுமலில் மயங்கி, மச்சான் வந்து பார்ப்பதற்குள் பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசிவிட்டேன். அவன் வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, "ஒரு லோடு ஏத்தி மேட்டுலேர்ந்து எறக்கிப் பார்த்துட்டு வெச்சுக்கலாமே மாமா. ஏறும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்றான். "பூஜை போட்ட வண்டியைச் சந்தேகப்படாதடா" என்றேன். உண்மையைச் சொன்னால், பூஜை போட்ட வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். ஒரு வாரம் போகவில்லை. குவாரி இறக்கத்தில் கல் நிறைந்த டிராலி பின்னாலிருந்து தள்ள, பிரேக் பிடிக்காமல் ஜீப் ஓடியது. ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் குதித்தான். டிராலிச் சக்கரம் அவன் வலது கணுக்காலில் ஏறியது. அன்றைக்கு மடங்கின கால் கடைசிவரைக்கும் நிமிரவில்லை. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் என்னோடுதான் இருந்தான். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பையில் பழம் வைக்கிற பழக்கம் மட்டும் வந்தது. போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

தளேகாவுக்கு மேலே மலைச்சரிவில் எனக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. மேலே முழுக்கக் கல். அதைப் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து வரப்புச் சுவர் கட்ட வேண்டும். கீழேயிருந்து தண்ணீரும் எருவும் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோடையில் முந்நூறு மாங்கன்றும் காய்ந்துவிடும். பாதை ஒடுக்கம், டிராக்டர் திரும்பாது. அதனால் எல்லா நிலத்திலும் ஓடுகிற சின்ன வண்டி, ஏடிவி என்கிறார்களே, அது ஒன்று வாங்க முடிவு செய்தேன். அந்தச் சரிவில் அதைத் தினமும் ஓட்டப்போகிறவர் என் தோட்டக்காரர், இங்கே மாலி என்பார்கள். மராட்டிக்காரர், டிராக்டர் ஓட்டிப் பழகியவர். மனைவியோடு அங்கேயே குடியிருக்கிறார்.

கடையில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று சிவப்பு. குதிரை மாதிரி கால் போட்டு உட்கார வேண்டும், நின்ற இடத்திலிருந்தே பாயும். இன்னொன்று பச்சை. ஸ்டியரிங், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், பின்னால் ஒரு தொட்டி, மேட்டுக்கென்று தனியாக ஒரு லோ கியர். எருமை மாதிரி நின்றது. என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சிவப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பப்பா, இதோட பிக்கப் பாருங்க, ஏக்தம் மஸ்த்தா இருக்கு." எனக்கும் சிவப்புதான் பிடித்தது. இத்தனை வயதிலும் உறுமல் என்றால் எனக்கு ஒரு பலவீனம். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். உடனே தட்டு வந்தது, நான்கு எலுமிச்சம்பழம், ஒரு மாலை.

தட்டிலிருந்த நான்கு பழத்தையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு வண்டியும் என் சரிவுக்கு வரட்டும், கல்லேற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். கடைக்காரர் முனகிக்கொண்டே, இரண்டையும் டெம்போவில் ஏற்றி அனுப்பினார்.

சிவப்பைக் கடை ஆளே ஓட்டிக் காட்டினார். வெறும் வண்டியாக ஏறியபோது கீழே எல்லாரும் கை தட்டினோம். மேலே கிடந்த என் டிராலியை மாட்டிப் பாதிக்குத்தான் கல் ஏற்றினோம். இறக்கத்தில் டிராலி தள்ள ஆரம்பித்தது. அவர் பிரேக்கை அழுத்த, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிப் பாதையை விட்டுப் புல்லில் போய் நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று குவாரியில் கேட்ட சத்தம் என் காதுக்குள் வந்தது.

பச்சையில் மாலி ஏறினார். பக்கத்துச் சீட்டில் நான் ஏறினேன். மகன், "நீங்க எதுக்கு பப்பா?" என்றான். அன்றைக்குக் குவாரி ஜீப்பில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே டிராலியை அதே கல்லோடு மாட்டி மேலே இழுத்துப் போய்த் திரும்பினோம். லோ கியர், முதல் வளைவு. வண்டி ஓடவில்லை, நடந்தது. எஞ்சினே டிராலியைப் பிடித்து நிறுத்தியது. பாதிச் சரிவில் மாலி இரண்டு காலையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "அண்ணா, பிரேக் தாப்லாச் நாஹி." பிரேக்கை அவர் மிதிக்கவே இல்லையாம்.

கீழே இறங்கிப் பையில் கை விட்டேன். பக்கத்துக் கம்பியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. இரண்டு பழம் கூழாகிவிட்டது. முழுசாக இருந்த இரண்டை முன்சக்கரத்துக்கும், நசுங்கினதைப் பின்சக்கரத்துக்கும் வைத்தேன். மாலியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நசுங்கின பழத்தை மறுபடி எதற்கு நசுக்க வேண்டும் என்று மராட்டியில் கேட்டாள். மகன் சிரித்துவிட்டுப் பச்சையைப் படம் எடுத்தான். நாளைக் காலையில் முதல் தண்ணீர் மேலே போகும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். துவைக்க எடுத்த என் மனைவி, கறை பிடித்த பையைத் தடவிப் பார்த்தாள். மூக்கில் வைத்து மோந்தாள். "இன்னாங்க இது, என் தம்பி சட்டையப் போட்டுக்கினு வந்தா மாதிரி கீது" என்றாள்.

ஜீப்புக்குப் பூஜை போட்ட அன்று அவன் சொன்னதையும் நான் கேட்காததையும் அப்போதுதான் அவளிடம் முதல்முதலாகச் சொன்னேன். அவள் சட்டையை வாளியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.