லாரி விளையாட்டின் இரண்டாம் பாகம்

எங்கள் தெருவில் முதன்முதலில் வீடியோ கேம் வைத்திருந்தவள் நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்த நாளில் கள்ளக்குறிச்சியில் டி.வி. இருந்த வீடே தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். அப்பா லாரி டிரைவர். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வெல்லம் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனவர், அங்கே ஒரு நடைபாதைக் கடையில் அதை வாங்கிவந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். கண்ணாடிக்குள் மூன்று வரிசை ரோடு, கீழே ஒரு குட்டிக் கார். மேலிருந்து கற்கள் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு பொத்தான்களை அழுத்தி, காரை இடமும் வலமும் நகர்த்தித் தப்பிக்க வேண்டும். மோதினால் 'குய்ங்' என்று ஓர் அழுகை. அவ்வளவுதான் விளையாட்டு. அந்த அவ்வளவுக்கே நான் சோறு தண்ணி மறந்து கிடந்தேன்.

கொஞ்ச நாளில் எந்தக் கல்லுக்குப் பின் எந்தக் கல் வரும் என்பது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. பிறகு சலித்தும் விட்டது. அதே கடையில் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, அதில் காருக்குப் பதில் லாரி என்று அப்பா ஒருநாள் வாய்விட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் அவரை விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல், அடுத்த லோடுக்குக் கிளம்பும்போது வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சென்னை போய்ச் சேர்ந்திருப்பார்; இங்கே இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. முதலில் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். காலியாகக் கிடந்த சேலம் ரோட்டின் நடுவில் பையன்கள் பம்பரம் விட்டார்கள். அப்புறம் பேச்சு வர ஆரம்பித்தது. அங்கே சுட்டுவிட்டார்களாம், இங்கே லாரியைக் கொளுத்திவிட்டார்களாம். லாரி என்ற சொல் காதில் விழுந்தபோதெல்லாம் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

போன் இருந்தது லாரி முதலாளி வீட்டில் மட்டும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு தினமும் அங்கே போய் வாசலில் நிற்பாள்.

"எதனா சேதி வந்துதுங்களா?"

"புது டயரு போட்டு அனுப்பியிருக்கேன்மா. எனக்கு மட்டும் கவல இல்லியா?" என்பார் முதலாளி.

"டயராம் டயரு" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அம்மா திரும்புவாள். வீட்டுக்கு வந்தால் அடுப்பு மூட்ட மாட்டாள். பக்கத்து வீட்டு ரேடியோ செய்தி சொல்லும் நேரத்தில் மட்டும் சுவரோரம் போய் நின்றுகொள்வாள்.

நான் பழைய காரை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு கல்லிலும் மோதாமல் ஐந்நூறு பாயிண்டைத் தொட்டால் அன்றைக்கு அப்பா வந்துவிடுவார் என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டே ஆடிய ஆட்டம்தான் அது. ஆனால் காது வாசல் பக்கமே இருந்தது. கார் போய்ப் போய் மோதிற்று. ஒவ்வொரு 'குய்ங்'குக்கும் அம்மா திடுக்கிட்டாள்.

"அத்த நிறுத்தித் தொலடி!"

சத்தம் கேட்காமல் இருக்க, தலையணைக்கு அடியில் கையை விட்டு ஆடினேன். கடைசியில் ஒருநாள் ஐந்நூறைத் தொட்டும் விட்டேன். அன்றும் அவர் வரவில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

அப்பா ஒரு மத்தியானம் நடந்தே வந்து சேர்ந்தார். முகமெல்லாம் புழுதி. நெற்றியில் உடைந்த லாரிக் கண்ணாடி கீறிய ஒரு கோடு.

"உளுந்தூர்ப்பேட்ட தாண்டி லாரி நிக்குது. கிளீனர காவலுக்கு வுட்டுட்டு, கொல்லக்காட்டு வழியா நடந்துக்கினே வந்துட்டேன். மரத்த வெட்டிப் போட்டவங்கதான் சோறும் போட்டாங்க. நம்ம புள்ளைங்க படிப்புக்குத்தான கேக்குறாங்க."

"கேக்கட்டும். நீங்க இல்லாத வூட்ல யாரு படிக்கிறது?" என்றாள் அம்மா.

துண்டில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த இரண்டாம் பாகத்தை அப்பா அவிழ்த்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் சிவப்பு லாரி, பின்னால் மலை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தால், பழைய காருக்குப் பின்னால் ஒரு கட்டத்தை ஒட்டி அதை லாரி ஆக்கியிருந்தார்கள். கற்களைக் கொஞ்சம் நீட்டி மரக்கட்டை ஆக்கியிருந்தார்கள். விழுகிற வரிசைகூட மாறவில்லை. இடது, வலது, வலது, நடு. பழைய குருடி கதவைத் திறடி.

"உன்ன ஏமாத்திட்டாங்கப்பா. அதே கேம்தான் இது!"

"லாரி இருக்குதுல்ல கண்ணு?" என்று அவர் எட்டிப் பார்த்தார்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அத்தனை நாளும் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதேன். கேமுக்காக அழுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறியல் ஓய்ந்து லாரியும் வந்து சேர்ந்தது. மறுபடி தொடங்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். வெல்லம் அதற்காகக் காத்திருக்குமா? அப்பா அடுத்த லோடுக்குத் தயாரானார். நீலச் சட்டை தேய்த்து மடித்துத் தயாராக இருந்தது. அம்மா அதை உள்ளே வைத்துவிட்டு, காலர் கிழிந்த காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போன முறை அவர் போட்டுக்கொண்டு போனது அது. போன முறை கட்டிய அதே புளிச்சோற்றைக் கட்டினாள். போன முறை அப்பா பீடிக்கட்டை மறந்து தெருமுனையிலிருந்து திரும்பி வந்திருந்தார். போனவர் பாதியில் திரும்பினால் ஆகாது என்று அவரை உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்பியிருந்தாள். இந்த முறை அவர் மறக்கவில்லை. அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது, துணிப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அம்மாவே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்பா தெருமுனை வரை போய், பையைத் துழாவிக்கொண்டு திரும்பி வந்தார். சொம்பு தயாராக இருந்தது.

"எதுக்கும்மா எல்லாத்தையும் போன தடவ மாதிரியே செய்யுற?" என்று கேட்டேன்.

"போன தடவ வந்தாருல்ல" என்றாள்.

அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. தெருமுனையில் லாரி உறுமிக் கிளம்பியதும் பின்னாலேயே ஓடி, கையை வாயில் குவித்துக் கத்தினேன்.

"எப்பா! மூணாவது பாகமாவது வேற மாதிரி இருக்கணும்ப்பா!"

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். லாரி கண்ணில் இருந்து மறைந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. மூச்சு முட்டியது. கண்டதையெல்லாம் கேட்டு வாங்குகிற பெண் என்று அவளுக்கு என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.