அமாவாசையன்று கருவாட்டுக் குழம்பு

விடுதி வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினாலே சண்டைதான். அன்று காலை முதல் முறையாக ஒரு நல்லதைச் சொன்னேன். "ஒரகடம் பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு அக்கா கடை கீது. கருவாட்டுக் குழம்புன்னா அதான். ரெண்டாவது ஷிப்ட்டுக்காரிங்க இன்னிக்கே சாப்ட்டுப் பாருங்கடி." எழுதும்போதே எனக்கு எச்சில் ஊறியது. பிறகு கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

டீ இடைவேளையில் குன்றத்தூர்த் தோழி முனகினாள். "இன்னிக்கு அமாவாச. எங்கூட்ல கவுச்சி இல்ல."

எனக்குத் திக்கென்றது. அந்த அக்காவும் அமாவாசையன்று கருவாட்டைத் தொடமாட்டார். அவ்வளவு தூரம் போய் ஏமாந்தால், இனி என் பேச்சை ஒருத்தியும் நம்பமாட்டாள். ஷிப்ட் முடியும்வரை போனைத் தொடவும் முடியாது. அந்த நினைப்பிலேயே ஸ்க்ரூவைக் கீழே போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அவனையும் முறைத்தேன்.

வெளியே வந்து பயந்துகொண்டே போனைத் திறந்தேன். அறையில் உடன் தங்கும் திருநெல்வேலிக்காரி எழுதியிருந்தாள்.

"ஏட்டி, ஒன் கருவாடு எங்கட்டி? வெறும் கத்திரிக்கா கொழம்புதான் இருந்துச்சு. அதையே மூணு தடவ ஊத்தித் தின்னோம். நாளைக்குக் கருவாட்டுக்குப் போறோம்."

கீழே வழித்துத் தின்ற நான்கு தட்டுகளின் படம். நடுரோட்டில் தனியாகச் சிரித்தேன். நாளைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடக் கூடாதே என்ற கவலையும் அப்போதே வந்துவிட்டது.