ஒரு பக்கம் வெளுத்த தாலர்

பழைய நாணயம் விற்கும் கடையில் வேலைக்கு வேண்டியது அறிவல்ல, அடங்கிக் கிடக்கிற கை. கடையில் நின்றே கால் வீங்கிய சக சீவன்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மூன்று மாதம்

கனடாவில், மொன்றியலில் எனக்கு அந்த வேலை கிடைத்தபோது மனைவி யாழ்ப்பாணத்தில். அவளை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவு மணி அடித்தால் எழும்புவேன், அடிக்காவிட்டால் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பேன். ரெலிபோன் காட் போட்டு எடுத்தால் அவள் சுகம்கூட விசாரிப்பதில்லை. "கடிதம் கையிலை கிடைச்சிட்டுதோ?"

கறுத்த காசு

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக் காசு வந்தது. ஜெர்மனி ஒரே நாடாவதற்கு வெகுமுன்னால் சாக்சனியில் அடித்த தாலர். ஒரு பக்கம் வாளேந்திய பிரபு, மறுபக்கம் கேடயம். அதை வாங்கப் பார்க்க ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து சனிக்கிழமை ஒருவர் வருகிறார் என்றார் முதலாளி. காசோ அட்டைக்கரி. வருகிறவர் முகம் சுளித்தால் பழி என் தலையில்தானே? முதலாளி கோப்பி வாங்கப் போன நேரம், பேர்சிலிருந்த கோயில் திருநீற்றைக் கொட்டித் தேய்த்தேன். வீட்டில் வெள்ளிச் சிமிழுக்கு அதுதான் வைத்தியம். பிரபு பளபளத்தார். கேடயப் பக்கத்தைத் திருப்பும்போது முதலாளி வந்துவிட்டார். "கையை எடு! அந்தக் கறுப்பு முந்நூறு வருசமாகச் சேர்ந்தது, அதற்குத்தான் விலை!"

லொங்குய்காரர்

வந்தவர் கறுத்த பக்கத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். திருப்பினார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மனைவி இனி வந்தமாதிரித்தான் என்று நினைத்தேன். அவர் காசை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் முதலாளி ஓர் உறையை நீட்டினார். சீட்டுக் கிழிந்தது என்று எண்ணிப் பிரித்தேன். நிரந்தர வேலைக் கடிதம்! அழுதுவிட்டேன். "நீ ஒத்துக்கொண்டாய், அது போதும். அந்தச் சாம்பல் பொட்டலம் மட்டும் வீட்டோடு இருக்கட்டும்."

வந்தவள்

மனைவி வந்து இறங்கிய மறுவாரமே கடை பார்க்க வந்தாள். திருநீற்றுக் கதையை நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை. விலைபோகாத தாலர் இன்னும் பெட்டிக்குள் இருந்தது. முதலாளி 'போன்ஜூர்' சொல்லி, அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டாள். "இஞ்சாருங்கோ, மற்றப் பக்கத்தை ஏன் தேய்க்காமல் விட்டனீங்கள்?"

இப்போது அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு: ஒன்று எனக்காக, மற்றது அவளுக்காக.